ஆள் வராத நாளில் வேலை நிற்காமல் இருக்க: பதிலி ஆட்களுக்கான முழு வழிகாட்டி

மதுரைப் பஞ்சாலைகளில் 'பதிலி' என்பது பழகிய சொல். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பதற்காக, ஷிப்ட் தொடங்குமுன் கேட்டில் வந்து காத்திருப்பவர் பதிலி. அவருக்கு மெஷின் தெரியும், மேஸ்திரியைத் தெரியும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். இன்று கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் 30 பேர், 60 பேர் வைத்து நடக்கும் யூனிட்களில் அந்த வரிசை இல்லை. எட்டுப் பேர் ஒரே நாளில் வராமல் போனால் காலை ஏழு மணிக்குத் தெரிந்த கான்ட்ராக்டர்களுக்கெல்லாம் ஃபோன் போகிறது. பத்து மணிக்கு முன்பின் தெரியாத ஐந்து பேர் வேனில் வந்து இறங்குகிறார்கள். சாயங்காலம் பார்த்தால் கழிவுப் பெட்டி நிரம்பியிருக்கிறது.

இடையூறு வந்தாலும் வேலை நிற்காமல் நடக்க எழுதி வைக்கும் தொழில் தொடர்ச்சித் திட்டம் என்றதும் தீ, வெள்ளம், சர்வர் கோளாறு என்றுதான் பலரும் எழுத ஆரம்பிக்கிறார்கள். ஐஎஸ்ஓ 22301 என்று அதற்கொரு சர்வதேசத் தரநிலையும் உண்டு. ஆனால் ஒரு நடுத்தர யூனிட்டுக்கு வருடத்தில் பலமுறை வரும் இடையூறு ஆள் குறைவுதான். இந்த வழிகாட்டி அதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காலியான இடத்தில் புது ஆளை வைக்காதீர்கள். அந்த இடத்துக்கு உங்கள் ஆள் ஒருவரை நகர்த்துங்கள். அவர் விட்டுவந்த எளிய இடத்தில் புது ஆளை நிறுத்துங்கள். பிரஸ் ஆபரேட்டர் வரவில்லை என்றால் டிரிம்மிங்கில் (ஓரம் வெட்டும் வேலையில்) இருக்கும் பழைய ஆள் பிரஸ்ஸுக்குப் போகட்டும், வெளியிலிருந்து வந்தவர் டிரிம்மிங்கில் உட்காரட்டும். கீழே வரும் படிகளெல்லாம் இந்த நகர்வை முன்கூட்டியே சாத்தியமாக்குவதற்குத்தான்.

முதல் படி: எந்த இடம் எவ்வளவு நேரம் காலியாக இருக்கலாம்

ஒரு நோட்டை எடுத்து யூனிட்டில் இருக்கும் வேலைகளை எழுதுங்கள். ஆட்களின் பெயரை அல்ல, வேலையை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் வேண்டும்: இப்போது யார் செய்கிறார், அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும், அந்த இடம் காலியாக இருந்தால் எவ்வளவு நேரத்தில் நஷ்டம் தொடங்கும். பாய்லர் என்றால் நிமிடக் கணக்கு. பேக்கிங் என்றால் ஒரு ஷிப்ட். கொள்முதல் என்றால் இரண்டு நாள். ஆடிட் கோப்புகள் என்றால் ஒரு வாரம் தாங்கும்.

'வேறு யாருக்குத் தெரியும்' என்ற கட்டம் எங்கே வெறுமையாக இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து. பெரும்பாலும் அது பெரிய பதவியாக இருக்காது. காம்பவுண்டு (ரப்பர்க் கலவை) எடை போடுபவர், லாரிக்கு இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) போடுபவர், டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பத் தெரிந்த ஒரே ஆள் போன்றவர்கள்தான் அந்தக் கட்டத்தில் வந்து நிற்பார்கள்.

சில இடங்களுக்குச் சான்றிதழ் இல்லாத தற்காலிக ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாய்லருக்குச் சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட் வேண்டும். மின்வேலைக்கு உரிமம் உள்ளவர் வேண்டும். உணவு யூனிட்டில் பொருளைத் தொடுகிற எவருக்கும் மருத்துவப் பரிசோதனைச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும், ஒரு நாள் வேலைக்கு வந்தவராக இருந்தாலும். இந்த இடங்களுக்கு, சான்றிதழ் உள்ள இரண்டு பேரின் எண்ணை வாங்கி முன்பணம் பேசி வையுங்கள். ஓய்வு பெற்ற உங்கள் பழைய ஆட்களே இதற்குப் பொருத்தம்.

இரண்டாம் படி: வருகைப் பதிவேட்டைப் படிப்பது

கடந்த 24 மாத வருகைப் பதிவேட்டை எடுத்து, அதிகம் பேர் வராத நாட்களைச் சிவப்பில் குறியுங்கள். எதுவும் தற்செயல் இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தைப்பொங்கலை ஒட்டிய மூன்று நாளும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக வரும். அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்களை அப்போது எதிர்பார்க்க முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், வர நினைப்பவருக்கும் கோரிப்பாளையம் பக்கம் வழி கிடைக்காது. மாசி, பங்குனியில் ஊர்த் திருவிழாக்கள். முகூர்த்த நாட்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு வரும் காய்ச்சல். தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லோரும் வருவார்கள், பிந்தைய வாரம் பாதிப் பேர்தான் இருப்பார்கள்.

வட மாநில ஆட்கள் இருந்தால் இன்னொரு காலண்டரும் வேண்டும்: ஹோலி, துர்கா பூஜை, சட் பூஜை, அவர்கள் மாநிலத் தேர்தல். பிகாருக்கு ரயிலில் போய்ச் சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. ஆகவே மூன்று நாள் பண்டிகைக்குப் போகிறவர் பதினைந்து, இருபது நாள் கழித்துத்தான் திரும்புவார். காலண்டரில் இல்லாததும் நடக்கும். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பலர் பயந்துபோய் ஊருக்குப் புறப்பட்டார்கள். ஒரே ஊர்க்காரர்களை மட்டும் நம்பியிருந்த இடங்கள் அப்படிப்பட்ட நேரத்தில் மொத்தமாகக் காலியாகிவிடும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். பேக்கிங்கில் 14 பேர், சாதாரண நாளில் ஒருவர் வருவதில்லை, மிக மோசமான பத்து நாட்களில் ஐந்து பேர் வரவில்லை என்று பதிவேடு சொன்னால் ஐந்துக்குத்தான் திட்டம் போட வேண்டும். முதல் நாள் புது ஆள், பழகியவர் செய்வதில் பாதிதான் தருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஐந்து பேருக்குப் பதில் பத்துப் பேரைக் கூப்பிட்டு இடத்தை அடைக்காதீர்கள். ஆறு பேரை எடுத்து, அன்று எந்த ஆர்டர் போக வேண்டும், எது இரண்டு நாள் பொறுக்கும் என்பதை முன்பே எழுதி வையுங்கள். உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

மூன்றாம் படி: உள்ளே இருப்பவர்களை முதலில்

வெளியே தேடுவதற்கு முன் உள்ளே உள்ளவர்களைப் பழக்குங்கள். ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர். மாதத்துக்கு ஒரு முழு ஷிப்ட் அவர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் போதாது. இரண்டாவது வேலை கற்றவருக்கு மாதம் ஒரு சிறு தொகை தனியாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், 'கத்துக்கிட்டா நம்ம தலையிலதான் கட்டுவாங்க' என்று யாரும் கற்க வரமாட்டார்கள். அந்த எண்ணத்தில் நியாயமும் இருக்கிறது.

அடுத்தது பழைய ஆட்களின் பட்டியல். ஓய்வு பெற்றவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு நின்றுபோன பெண்கள், நல்லபடியாக விலகியவர்கள். பத்துப் பேரின் எண்ணை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேசுங்கள்: 'அக்கா, பொங்கல் வாரத்துல ஒரு நாலு நாள் வர முடியுமா?' இப்படி வருகிற ஒருவர், புதிதாக வரும் மூன்று பேருக்குச் சமம்.

நான்காம் படி: ஏஜென்சியோடு பேசுவது

இங்கேதான் பணமும் சட்டமும் ஒன்றாகச் சிக்கிக்கொள்கின்றன. கணக்கைப் போட்டே பாருங்கள். கான்ட்ராக்டர் மூலம் வரும் ஒருவருக்கு மாதச் சம்பளம் ரூ.15,000 என்றால், முதலாளி பங்காக பிஎஃப், அதன் நிர்வாகச் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்து 13 சதவீதம், ரூ.1,950. இஎஸ்ஐ 3.25 சதவீதம், ரூ.488. ஆக ரூ.17,438. அதன் மேல் ஏஜென்சியின் சேவைக் கட்டணம் 6 சதவீதம் என்று வைத்தால் ரூ.18,484. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து ரூ.21,811. போனஸும் விடுப்பும் இதில் இல்லை. 'தலைக்குப் பதினேழாயிரம், எல்லாம் அதுல அடக்கம் சார்' என்று ஒருவர் சொன்னால் பிஎஃபும் இஎஸ்ஐயும் கட்டப்போவதில்லை என்று பொருள். அல்லது தொழிலாளிக்குப் பதினைந்தாயிரம் போய்ச் சேராது. இரண்டில் எது நடந்தாலும் கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கும். கான்ட்ராக்டர் கொடுக்காத கூலியையும், கட்டாத பிஎஃப், இஎஸ்ஐயையும் முதன்மை முதலாளியான உங்களிடமிருந்து வசூலிக்கச் சட்டம் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு மாதப் பில்லோடும் உங்கள் யூனிட்டில் வேலை செய்தவர்களின் பெயர் இருக்கும் பிஎஃப், இஎஸ்ஐ செலான் நகலைக் கேளுங்கள். நகல் வராமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள், வராவிட்டால் மாற்று ஆள் எப்போது, வேன் யார் பொறுப்பு, மிகை நேரக் கூலி இரு மடங்கு என்பது, 18 வயதுக்குக் குறைந்த யாரையும் அனுப்பக்கூடாது என்பது. 'பத்துப் பேர்' என்று எண்ணிக்கையில் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர்ப் பட்டியல் வாங்குங்கள், 15 பெயர் இருக்கட்டும், அவர்கள் ஒருமுறையாவது உங்கள் கேட்டைத் தாண்டி வந்திருக்கட்டும்.

ஏஜென்சி இரண்டு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டும் எங்கிருந்து ஆள் எடுக்கின்றன என்று கேட்க மறந்துவிடுவார்கள். இரண்டுமே மேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் விட்டால், அங்கே திருவிழா என்றால் இரண்டு வேனும் வராது. ஒன்று மேலூர்ப் பக்கம் என்றால் மற்றது உசிலம்பட்டியோ திருமங்கலமோ ஆக இருக்கட்டும்.

சட்டத்தில் இன்னும் மூன்று விஷயங்கள்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி, 50 பேரோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள நிறுவனங்களில், முக்கிய உற்பத்தி வேலையில் அவர்களை வைப்பதற்குத் தடை உண்டு. குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டிய திடீர் வேலைப்பெருக்கம் போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. நீங்கள் எந்த விலக்கின் கீழ் ஆள் எடுக்கிறீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். சில மாதங்களுக்கு ஆள் தேவை என்றால், ஏஜென்சியை விடக் குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுப்பது இரு பக்கத்துக்கும் சுத்தம். அப்படி வருபவருக்கு அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குரிய ஊதியமும் சலுகைகளும் தர வேண்டும்.

இரண்டாவது, தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரம் கோரலாம். பதிலி என்ற பெயரில் ஒருவரை வருடக்கணக்கில் ஓட்டுவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்றே புதிய சட்டத் தொகுப்பு பட்டியலிட்டிருக்கிறது. ஒவ்வொரு தற்காலிக ஆளுக்கும் வேலை நாள் எண்ணிக்கைப் பதிவேடு வையுங்கள். 300 நாளைத் தொட்டவர் உங்களுக்குத் தேவையானவர் என்று பொருள். அவரை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், 479-இல் நிறுத்தி வைக்காதீர்கள்.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறோம். வேலைநிறுத்தத்தை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். சட்டபூர்வமான வேலைநிறுத்தத்தின்போது வெளியாட்களை வேலைக்கு எடுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான், புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் நாளை உள்ளே வந்து உங்களோடு வேலை செய்யப் போகிறவர்கள். அவர்கள் கண் முன்னால் வேனில் ஆள் இறக்கினால், அதன் பிறகு எந்தத் திட்டமும் கைகொடுக்காது.

ஐந்தாம் படி: வேலை அட்டை

புது ஆளுக்கு வாயால் சொல்வது பாதிதான் போய்ச் சேரும். அவர் நிற்கும் இடத்தில், கண் உயரத்தில், ஒரே பக்கத்தில் ஒரு அட்டை தொங்க வேண்டும். ரப்பர் மோல்டிங் பிரஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் விதிப்படி அங்கே நிற்பவர் உங்களுடைய இரண்டாவது ஆள்தான், ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அதைத் தொடுபவருக்கு அட்டை வேண்டும். அதில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான் (எண்களை உங்கள் அச்சுக்கும் காம்பவுண்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்):

காம்பவுண்டுத் துண்டு: 42 கிராம், ஒரு கிராம் கூடலாம், குறையலாம்.
தட்டு வெப்பம்: 155 டிகிரி. 150-க்குக் கீழே இருந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடவும்.
மூடிய உடன் பம்பிங் (அச்சைச் சற்றே திறந்து மூடிக் காற்றை விடுவது): 3 முறை.
வேகும் நேரம்: 7 நிமிடம். மணி அடித்த பிறகே திறக்கவும்.
கையுறை இல்லாமல் அச்சைத் தொடக்கூடாது.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. துண்டின் எடை குறைந்தால் அச்சு நிரம்பாது, கூடினால் ஓரத்தில் பிதுங்கும் ஃப்ளாஷ் தடிக்கும், டிரிம்மிங்கில் நேரம் போகும். பம்பிங்கை விட்டுவிட்டால் உள்ளே காற்று மாட்டிக் கொப்புளம் வரும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள், அன்றே பிடித்துவிடலாம். மோசமானது நேரக் குறைவு. எண்ணிக்கை குறைகிறது என்ற பதற்றத்தில் ஏழு நிமிடத்தை ஐந்தாக்கித் திறப்பார்கள். மேலே வெந்து உள்ளே மாவாக இருக்கும் இட்லி போல, துண்டு வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே வெந்திருக்காது. வாடிக்கையாளரின் இயந்திரத்தில் மாட்டிய பிறகுதான் தெரியும். அதனால், பழகாத கை பிரஸ்ஸில் நிற்கும் ஷிப்டில் ஒவ்வொரு பத்தாவது துண்டையும் வெட்டிப் பாருங்கள். அந்தப் பெட்டியில் தேதியும் ஷிப்டும் தனி நிறச் சீட்டில் ஒட்டுங்கள். குறை தெரிந்தால் நூறு பெட்டியைத் திரும்ப அழைக்க வேண்டாம், மூன்று போதும்.

டிரிம்மிங்குக்கு, பேக்கிங்குக்கு, லோடிங்குக்கு எழுத்தை விடப் படமும் பொருளும் மேல். சரியான துண்டு ஒன்று, தவறான துண்டு மூன்று, கம்பியில் கட்டி மேஜையில் தொங்கவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். இந்தி, ஒடியா பேசுபவர்கள் வந்தால் 'நில்', 'சூடு', 'கை எடு' என்ற மூன்று சொல்லாவது இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் நாள், முதல் ஒரு மணி நேரம்

கேட்டில் ஆதாரும் இஎஸ்ஐ எண்ணும் பாருங்கள். இஎஸ்ஐயில் புதியவரைப் பதிவு செய்யப் பத்து நாள் அவகாசம் உண்டு என்பதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். விரல் நசுங்குவது முதல் நாளில்தான் நடக்கும். தத்தனேரி இஎஸ்ஐ மருத்துவமனையில் வைத்து எண்ணைத் தேடிக்கொண்டிருப்பது யாருக்கும் வரக்கூடாத நிலைமை.

பிறகு இருபது நிமிடம் நடக்க வைத்துக் காட்டுங்கள்: தண்ணீர், கழிப்பறை, அவசர வழி, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானை அவர் கையாலேயே ஒருமுறை அழுத்த வையுங்கள். காலணி, கையுறை அளவு பார்த்துக் கொடுங்கள். ஐந்து புது ஆளுக்கு ஒரு பழைய ஆள் பொறுப்பு, அவருக்கு அன்று உற்பத்தி இலக்கு கிடையாது. இதைச் செய்யாத இடத்தில் பழைய ஆள் தன் எண்ணிக்கையைப் பார்ப்பாரா, புது ஆளின் கையைப் பார்ப்பாரா?

டீயும் சாப்பாடும் எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே இடம். தனியாக உட்கார வைக்கப்பட்டவர் மறுநாள் வரமாட்டார். பெண்கள் வந்தால் திரும்பிப் போகும் வண்டியைக் காலையிலேயே உறுதி செய்யுங்கள். பாலியல் தொல்லைப் புகார்க் குழு தற்காலிக ஆட்களுக்கும் உண்டு என்பதை, யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பெயரோடு சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: அலுவலக நாற்காலிகள்

ஷாப் ஃப்ளோரைத் திட்டமிட்டவர்கள்கூட கணக்கரை மறந்துவிடுகிறார்கள். மாதக் கெடுக்களைப் பாருங்கள்: பிடித்த வரியான டிடிஎஸ் 7-ஆம் தேதி, ஜிஎஸ்டி கணக்குகளில் ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, பிஎஃபும் இஎஸ்ஐயும் 15, ஜிஎஸ்டிஆர்-3பி 20. கணக்கருக்கு 5-ஆம் தேதி காய்ச்சல் வந்தால் நான்கு கெடுவும் அடுத்தடுத்து வந்து நிற்கும். தற்காலிகக் கணக்கர் கிடைப்பது சிரமமில்லை. அவர் வந்து உட்கார்ந்து கடவுச்சொல்லையும் போட்ட பிறகு, ஓடிபி படுத்திருப்பவரின் ஃபோனுக்குப் போகும். அங்கேதான் வேலை நிற்கிறது.

இதற்கு மருந்து முன்கூட்டியே செய்வதுதான். நிறுவனத்தின் பெயரில் ஒரு தனி சிம் வாங்கி எல்லாத் தளங்களிலும் அந்த எண்ணையே பதியுங்கள், அந்த ஃபோன் அலுவலகத்திலேயே இருக்கட்டும். டேலி கணக்கு மென்பொருளில் தற்காலிக ஆளுக்குத் தனிப் பயனர் பெயர் கொடுங்கள், பழைய பதிவை அழிக்கும் உரிமை வேண்டாம். வங்கியில் அவர் பதிவேற்றலாம், ஒப்புதல் உங்களுடையது. அவர் போகும் நாளில் அந்தப் பயனரை மூடுங்கள்.

எட்டாம் படி: ஒத்திகை

வருடத்தில் இரண்டு முறை, ஆர்டர் குறைவாக உள்ள வாரத்தில், அரை ஷிப்டுக்கு இதை நடத்திப் பாருங்கள். முக்கியமான இரண்டு பேருக்கு அன்று சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து அனுப்புங்கள். ஃபோனில் அவர்களைக் கூப்பிடக்கூடாது என்பதுதான் ஒத்திகையின் ஒரே விதி. ஏஜென்சிக்குச் சொன்ன நேரம், வேன் வந்த நேரம், முதல் நல்ல துண்டு வெளியே வந்த நேரம், கழிவு எத்தனை: இந்த நான்கை எழுதுங்கள். முதல் ஒத்திகையில் எல்லாம் தடுமாறும். சாவி எங்கே என்று பத்துப் பேர் தேடுவார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை.

ஒன்பதாம் படி: அனுப்பி வைப்பது

வேலை முடிந்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கூலி முழுதும் போய்ச் சேர வேண்டும். ஏஜென்சி மூலம் வந்திருந்தாலும் போய்ச் சேர்ந்ததா என்று அவரிடமே கேளுங்கள். கேட் பாஸ், சாவி, கையுறையைத் திரும்ப வாங்குங்கள். சூப்பர்வைசரிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே கேள்வி: திரும்பக் கூப்பிடலாமா? ஆம் என்றால் பெயர், ஊர், கற்றுக்கொண்ட வேலை, வேலை செய்த நாட்கள் நான்கையும் பதிலி நோட்டில் ஏற்றுங்கள். அடுத்த திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், ஏஜென்சியிடம் பெயர் சொல்லிக் கேட்பதற்கு அந்த நோட்டைத்தான் எடுக்கப்போகிறீர்கள்.